யாருக்காகக் காத்திருக்கிறது இந்த லேப்டாப்?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த மடிக்கணினிகளின் முதல் தலைமுறையில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், வைஃபை எல்லாம் இருந்தன. கூடவே இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ். மற்றது, டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ்.

அந்த மடிக்கணினிகள் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. மதுரைக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கும் பேரையூர் பக்கம் போனால் தெரியும். கரிசல் காடும் குதிரைவாலியும் பருத்தியுமாக இருக்கிற வட்டம் அது. டி.கல்லுப்பட்டி, சாப்டூர், எழுமலை என்று சுற்றியுள்ள ஊர்களிலும் அக்கா வாங்கியது தம்பிக்கு, தம்பி படித்து முடித்ததும் சித்தப்பா பிள்ளைக்கு என்று கைமாறுகிற பொருள் அது. விண்டோஸ் பாதியில் கெட்டுப்போய், யாரோ ஒரு கல்லூரிப் பையன் உபுண்டு, மிண்ட் என்று ஏதாவதொரு லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருப்பான். ஓடும். ஆனால் பொத்தானை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை வந்திருக்காது.

மதுரையில் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "ஃபார்மட் அடிச்சிருவோம்ணே." சில நேரம் சரியாகும். சில நேரம் ஃபார்மட் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே பழைய கதை தொடங்கும். காரணத்தைப் பார்க்காமல் கொடுக்கிற மருந்து அப்படித்தான் வேலை செய்யும்.

கணினி மெதுவாக எழுகிறது என்றால் அடிப்படையில் இரண்டு நிலைமைகள்தான். ஒன்று, அது வேலை செய்துகொண்டிருக்கிறது. வேலை அதிகம், கை மெதுவு. அல்லது, அது சும்மா நிற்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழைய மடிக்கணினிகளில் எந்தக் கருவியும் வேண்டாம். விசைப்பலகைக்குப் பக்கத்திலோ முன் விளிம்பிலோ ஹார்ட் டிஸ்க் விளக்கு ஒன்று இருக்கும். அது படபடவென்று மின்னிக்கொண்டே இருந்தால் வட்டு படிக்கப்படுகிறது, வேலை நடக்கிறது. ஒரு நிமிடம் முழுக்க அணைந்தே கிடந்து, பிறகு திடீரென்று உயிர் பெற்றால், அந்த ஒரு நிமிடமும் காத்திருப்பு. வைஃபை உள்ள லினக்ஸ் மடிக்கணினிகளில் தாமதம் பல நேரம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஹார்ட் டிஸ்கை மாற்றினாலும் ரேமைக் கூட்டினாலும் அது குறையாது.

இது ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. யூனிக்ஸ் வழியில் வந்த பழைய தொடக்க முறையில், இயங்குதளத்தின் மையமான கர்னல் எழுந்ததும் இனிட் என்ற முதல் நிரல் ஓடும். அது எண் போட்ட சிறு நிரல்களை வரிசையாக, ஒன்று முடிந்த பின் ஒன்றாக இயக்கும். இந்த ஏற்பாடு பிறந்த காலத்தில் கணினி என்பது அறையில் ஓரிடத்தில் நிலையாக நிற்கும் இயந்திரம். அதன் பின்னால் வலைக்கம்பி எப்போதும் செருகியிருக்கும். கோப்புகள்கூட வலை வழியாக வேறொரு கணினியிலிருந்து வரலாம். ஆகவே, வலை வந்த பிறகே மற்றது என்ற விதி நியாயமானது. அந்த விதியை அப்படியே தூக்கி மடிக்கணினிக்குள் வைத்தபோதுதான் சிக்கல். பேரையூரில் பல வீடுகளில் வைஃபை என்பது செல்போன் ஹாட்ஸ்பாட். போன் அப்பாவோடு தோட்டத்துக்குப் போயிருக்கும். இல்லாத வலைக்காக மடிக்கணினி நின்றுகொண்டிருக்கும்.

மதுரைப் பேருந்து வந்து ஆளை இறக்கட்டும் என்று ஊர் முக்கில் நிற்கிற மினிபஸ் போலத்தான் இது. பேருந்து வருமா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. இவ்வளவு நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு கெடு மட்டும் இருக்கிறது. அந்தக் கெடு எத்தனை வினாடி என்பதே மடிக்கணினியின் தாமதம்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாடு நடந்தது. அங்கே இன்டெல் நிறுவனப் பொறியாளர்கள் அர்யன் வான் டி வென், ஆகே காக் இருவரும் ஒரு ஆசுஸ் ஈ பீசியை மேடையில் வைத்து ஐந்தே வினாடிகளில் எழுப்பிக் காட்டினார்கள். ஈ பீசி என்பது அன்றைய மலிவுவிலைக் குட்டி மடிக்கணினி; வேகத்துக்குப் பேர் போனதல்ல. அதே இயந்திரத்தில் வழக்கமான ஃபெடோரா லினக்ஸ் எழ முக்கால் நிமிடம் ஆனது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது அவர்கள் வழி அல்ல. முதலிலேயே ஐந்து வினாடி என்று வரம்பு வைத்து, அதைப் பட்ஜெட் போலப் பங்கு போட்டார்கள்: கர்னலுக்கு ஒரு வினாடி, தொடக்க நிரல்களுக்கு ஒன்று, திரைக்கான எக்ஸ் சர்வருக்கு ஒன்று, மேசைச்சூழலுக்கு இரண்டு. பங்குக்குள் அடங்காததை வெளியே தள்ளினார்கள். மடிக்கணினியில் யாரும் கேட்காத சென்ட்மெயில் என்ற அஞ்சல் சேவை தொடக்கத்திலேயே நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது போன்ற விஷயங்கள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன.

அவர்கள் கையில் பூட்சார்ட் என்ற கருவி இருந்தது. 2004-இல் பிறந்த இது, கணினி எழும்போது எந்த நிரல் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, அந்த நேரத்தில் வட்டும் செயலியும் எவ்வளவு உழைத்தன என்பதைப் படமாக வரைந்து கொடுக்கும். படத்தில் நீண்ட வெற்றிடங்கள் தெரிந்தன. யாரும் எதுவும் செய்யாத நேரம் அது.

2010 ஏப்ரல் 30 அன்று லென்னார்ட் பொட்டரிங் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சிஸ்டம்டி என்ற புதிய தொடக்க முறையை அறிவித்தார். வரிசையில் நிற்பதை விட்டுவிட்டு, ஒன்றையொன்று சாராத சேவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பட்டும் என்பது அதன் சாரம். 2011 மே மாதம் வந்த ஃபெடோரா 15 அதை ஏற்றது. டெபியன் உலகத்தில் பெரிய சண்டை. மின்னஞ்சல்களில் மாதக்கணக்கில் வாதம் நடந்து, 2014-இல் தொழில்நுட்பக் குழு வாக்கெடுத்து முடிவு செய்தது. 2015 ஏப்ரலில் வெளியான டெபியன் 8-இல் சிஸ்டம்டி நுழைந்தது. அதே மாதம் உபுண்டு 15.04-இலும் வந்தது. டெபியனின் வாரிசான பாஸ் லினக்ஸும் அதே பாதையில் போயிற்று. சிஸ்டம்டியைத் திட்டுபவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அது பெரிய உபகாரம் செய்தது: யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்ற கணக்கைத் தானே எழுதி வைக்கிறது.

டெர்மினலைத் திறந்து, சிஸ்டம்டி-அனலைஸ் என்று தட்டினால் போதும். எழுவதற்கு ஆன மொத்த நேரம் நான்கு பங்காகப் பிரிந்து வரும்: ஃபர்ம்வேர், லோடர், கர்னல், அதன் பிறகு எழும் சேவைகளுக்கான யூசர்ஸ்பேஸ். ரொம்பப் பழைய இயந்திரங்களில் முதல் இரண்டும் வராது. பழைய பயாஸ் அந்தக் கணக்கைத் தருவதில்லை. முதல் பங்கு பெரிதாக இருந்தால் குற்றவாளி லினக்ஸ் அல்ல, மதர்போர்டு. இரண்டாவது பெரிதாக இருந்தால் பெரும்பாலும் அது, விண்டோஸா லினக்ஸா என்று கேட்டு நிற்கும் க்ரப் பட்டியல். டெபியனில் வழக்கமாக 5 வினாடி, உபுண்டுவில் இரட்டை இயங்குதளம் என்றால் 10 வினாடி அது நிற்கும். கர்னலுக்கு நிமிடக்கணக்கில் ஆனால் வன்பொருளையோ டிரைவரையோ சந்தேகிக்க வேண்டும். யூசர்ஸ்பேஸ் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால், பெரும்பாலும் அது காத்திருப்பு நோய்.

அடுத்து எல்லாரும் தட்டுவது சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம். ஒவ்வொரு சேவையும் எடுத்த நேரத்தை இறங்குவரிசையில் காட்டும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆளை ஏமாற்றவும் செய்யும். சேவைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால், பட்டியலின் உச்சியில் 40 வினாடி என்று நிற்கிற ஒன்று திரை வருவதைத் தடுத்தே இருக்காது. பின்னணியில் மென்பொருள் புதுப்பிப்பு தேடும் ஆப்ட்-டெய்லி அப்படிப்பட்டது. முதலில் இருப்பவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, வேகம் கூடவில்லையே என்று விழிப்பவர்கள் ஏராளம். உண்மையைச் சொல்வது மூன்றாவது கட்டளை: சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிகல்-செயின். யார் யாருக்காக நின்றார்கள் என்ற சங்கிலியை அது கீழிருந்து மேலாகக் காட்டும். ஒவ்வொரு வரியிலும் கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கிற எண், அந்தச் சேவை எழுந்து முடிக்க எடுத்த நேரம். அந்த எண்களில் தனியாகத் துருத்திக்கொண்டிருப்பதைத் தேட வேண்டும்.

வைஃபை மடிக்கணினியில் அங்கே அடிக்கடி அகப்படும் பெயர் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன். பெயரே வேலையைச் சொல்கிறது. வலை இணைப்பு வரும்வரை அது நிற்கும். பதிப்பைப் பொறுத்து 30 அல்லது 60 வினாடி அதன் கெடு. சர்வர்களில் அதிகம் புழங்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் இன்னும் பொறுமைசாலி. அதன் கெடு 120 வினாடி. உபுண்டு சர்வரை மடிக்கணினியில் நிறுவி, நெட்பிளான் என்ற வலை அமைவுக் கோப்பில் கம்பி இணைப்பையும் எழுதிவைத்துவிட்டு, கம்பியே செருகாமல் வைஃபையில் ஓட்டுகிறவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைத் தினமும் கொடுக்கிறார்கள். அந்த இணைப்பை ஆப்ஷனல் என்று ஒரே வரியில் குறித்துவிட்டால் காத்திருப்பு போய்விடும்.

வைஃபை என்றால் ஏன் இவ்வளவு நேரம்? கம்பி என்றால் செருகியிருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். காற்றில் அப்படியில்லை. அட்டை ஒவ்வொரு சேனலாகப் போய்க் காது கொடுக்க வேண்டும். ஒரு ரூட்டரோ ஹாட்ஸ்பாட்டோ தன் இருப்பைச் சொல்லும் பீக்கன் சமிக்ஞையை வழக்கமாக வினாடிக்குப் பத்து முறை அனுப்பும். அதைக் கேட்க ஒவ்வொரு சேனலிலும் சற்று நிற்க வேண்டும். தெரிந்த பெயர் கேட்டால் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நான்கு கட்டப் பரிமாற்றம். பிறகு டிஎச்சிபி வழியாக ஐபி முகவரி கேட்டு வாங்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் சில வினாடிகளில் முடியும். பதில் வராவிட்டால்தான் கூத்து. 1997-இல் எழுதிய டிஎச்சிபி விதிமுறைப்படி, முதல் முறை கேட்டு 4 வினாடி நிற்க வேண்டும். அடுத்து 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும். நான்கு முறை கேட்டாலே ஒரு நிமிடம்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மேசைச்சூழலில் வைஃபை கடவுச்சொல்லைச் சேமிக்கும்போது, அதை இந்தப் பயனருக்கு மட்டும் என்று கீரிங் என்ற கடவுச்சொல் பெட்டியில் பூட்டி வைக்கலாம். எல்லாப் பயனருக்கும் என்று பொதுவாகவும் வைக்கலாம். முதல் வகையில், பயனர் உள்நுழைந்து கீரிங்கைத் திறக்கும்வரை அந்த வைஃபை இணையவே இணையாது. அதாவது, உள்நுழைவுத் திரைக்கு முன்னால் வலையை எதிர்பார்க்கும் எந்தச் சேவைக்கும் அது கிடைக்காது. பள்ளி ஆய்வகத்தில் வலை வழியே கோப்புறையை ஏற்றும் என்எஃப்எஸ் வரியை யாரோ ஒரு காலத்தில் எழுதிவைத்திருந்தால், அந்த இயந்திரம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கோப்புறையைத் தேடிக்கொண்டே எழும்.

வெயிட்-ஆன்லைனை நிறுத்தலாமா? வீட்டு மடிக்கணினியில் தாராளமாக நிறுத்தலாம். சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். வைஃபை இணைவது நிற்காது, அதற்காக மற்றவர்கள் நிற்பது மட்டும்தான் நிற்கும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பது நல்லது: அதை அழைத்தது யார்? நெட்வொர்க்-ஆன்லைன் என்ற இலக்கைத் தலைகீழாகத் தேடிப் பார்த்தால், அச்சுப்பொறிச் சேவையோ, என்எஃப்எஸ்ஸோ, வேறு எதுவோ அதைக் கேட்டிருப்பது தெரியும். தேவையில்லாத அந்தச் சேவையையே எடுத்துவிட்டால் கணினி இன்னும் லேசாகும்.

இந்தக் காத்திருப்பு சிஸ்டம்டியால் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. உபுண்டுவுக்குள் சிஸ்டம்டி வருவதற்கு முன்பே, 2011 அக்டோபரில் வந்த உபுண்டு 11.10-இல், வலை அமைவுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு செய்தி திரையில் தோன்றி, இன்னும் 60 வினாடி வரை காத்திருப்பேன் என்று தொடர்ந்து, மொத்தம் இரண்டு நிமிடம் நிற்கும். காரணம், இன்டர்ஃபேசஸ் என்ற அமைவுக் கோப்பில் ஆட்டோ என்று தொடங்கும் ஒரே ஒரு வரி. அந்த வரி, இந்த இணைப்பு கட்டாயம் எழுந்தாக வேண்டும் என்று சொல்கிறது. அலவ்-ஹாட்பிளக் என்று மாற்றினால், வந்தால் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். டெபியன் குடும்பத்தில் இந்தக் கோப்பு இன்றும் இருக்கிறது. சிஸ்டம்டி காலத்தில் அதைப் படிக்கும் நெட்வொர்க்கிங் சேவைக்கு ஐந்து நிமிடம் வரை கெடு கொடுத்திருப்பதால், பழைய வரி ஒன்று தங்கிப்போனால் விளைவு முன்பைவிட மோசம்.

வைஃபை அட்டையே தாமதத்துக்குக் காரணமாவதும் உண்டு. பல வைஃபை அட்டைகளுக்குச் சொந்தமாக நினைவில் வைத்த நிரல் கிடையாது. ஒவ்வொரு முறை எழும்போதும் கணினிதான் ஃபர்ம்வேர் கோப்பை அதற்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்புகள் கட்டற்ற மென்பொருள் அல்ல. அதனால் டெபியன் நீண்டகாலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்க மறுத்தது. வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கம்பி இணைய வசதியே இல்லாத ஊரில் இது சுத்தமான முட்டுச்சந்து. கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கிராமத்து மாணவருக்கு அது கதவைச் சாத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 நிறுவியில் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது.

கோப்பு இல்லாவிட்டால் முன்பெல்லாம் கர்னல் சும்மா விடாது. பயனர் பக்கத்திலிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று 60 வினாடி வரை நிற்கும். 2012-இல் இது பெரிய பிரச்சினையாக வெடித்தது. வன்பொருளை அடையாளம் கண்டு டிரைவரை ஏற்றும் யூடெவ் நிரலில் செய்த ஒரு மாற்றத்தால், டிரைவர் ஃபர்ம்வேருக்காக நிற்கும், ஃபர்ம்வேரைத் தர வேண்டிய யூடெவ் டிரைவர் ஏறி முடியட்டும் என்று நிற்கும் என்ற நிலை வந்தது. தொலைக்காட்சி டியூனர் அட்டைகள் வைத்திருந்தவர்கள் அதிகம் அடிவாங்கினார்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகக் கோபப்பட்டார். கோபத்தோடு நிற்காமல், யூடெவை நம்பாமல் கர்னலே நேராக வட்டிலிருந்து ஃபர்ம்வேரைப் படிக்கும் நிரலையும் எழுதிச் சேர்த்தார். 2012 டிசம்பரில் வந்த கர்னல் 3.7 முதல் அந்த வழிதான். ஆகவே, 2011-இல் வந்த லினக்ஸை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கும் மடிக்கணினிக்குக் கிடைக்கும் எளிய வைத்தியம், கர்னலைப் புதுப்பிப்பது.

இந்த வகைக் கோளாறைக் கண்டுபிடிக்க டிமெசேஜ் (dmesg) கட்டளை உதவும். கர்னல் எழுதும் ஒவ்வொரு வரிக்கு முன்னும், எழத் தொடங்கி எத்தனையாவது வினாடி என்ற எண் இருக்கும். வரிகளைப் படிக்க வேண்டாம். எண்களை மட்டும் பார்த்துக்கொண்டே இறங்கினால் போதும். 4, 4, 5, 5 என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென 65-க்குத் தாவினால், தாவலுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மூன்று வரிகளில்தான் விடை இருக்கிறது. அங்கே ஃபர்ம்வேர் என்ற சொல்லும் ஃபெயில்ட் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வைஃபைக்குச் சம்பந்தமில்லாமல் வைஃபை மேல் பழி விழுவதும் சகஜம். கடைக்காரர் ஒரு லினக்ஸைத் துடைக்காமல் பக்கத்தில் இன்னொன்றை நிறுவுவார். புதியது, ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கியிருக்கும் ஸ்வாப் பகுதியை ஃபார்மட் செய்யும்போது அதன் அடையாள எண் மாறிவிடும். வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணே இருக்கும். அடுத்த முறை அது எழும்போது, இல்லாத அந்தப் பகுதிக்காகச் சிஸ்டம்டி சரியாக 90 வினாடி நிற்கும். எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங் என்று தொடங்கி, கடைசியில் 1 நிமிடம் 30 வினாடி என்று எண்ணிக்கொண்டிருக்கும் வரியைப் பலரும் பார்த்திருப்பார்கள். எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் எண்ணைச் சரிசெய்தால் போதும். செய்த பிறகும் ஒரு அரை நிமிடம் மிச்சமிருந்தால், உறக்கநிலையிலிருந்து எழுவதற்காக, கர்னலோடு முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் குறித்துவைத்த ரெஸ்யூம் வரியிலும் அதே பழைய எண் இருக்கும். அதையும் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

பத்து வயது தாண்டிய இயந்திரங்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சின்னப் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிடும். பெரிய பேட்டரியும் செத்து, வயரிலேயே ஓடும் மடிக்கணினி என்றால், மின்சாரம் போகும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். வட்டைச் சோதிக்கும் நிரல், கடைசியாக வட்டைப் பயன்படுத்திய தேதி எதிர்காலத்தில் இருக்கிறதே என்று குழம்பி முழுச் சோதனையில் இறங்கும். 320 ஜிபி வட்டில் அது சட்டென்று முடிகிற காரியம் அல்ல. எழுந்த பிறகு வைஃபை இணைந்திருக்கும், ஆனால் இணையதளம் எதுவும் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ்களின் தேதி, கணினியின் தேதியோடு ஒத்துப்போகாததால் உலாவி மறுக்கிறது. வீட்டில் எல்லோரும் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சிஸ்டம்டியின் டைம்சிங்க்டி, கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கோப்பில் எழுதிவைத்து அங்கிருந்து தொடங்குவதால் இந்தத் தொல்லை இப்போது குறைந்திருக்கிறது. இருந்தாலும் பொத்தான் பேட்டரியை மாற்றுவதே முறை; செலவும் அற்பம்.

இத்தனையும் பார்த்து, காத்திருப்பு எதுவும் இல்லை, ஹார்ட் டிஸ்க் விளக்குதான் ஓயாமல் மின்னுகிறது என்றால், அது முதல் வகை. அங்கே கணக்கு எளிது. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க் வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது வினாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, முனை நகர இன்னும் 12 மில்லிவினாடி வாக்கில். ஆக ஒரு தேடலுக்கு 17, 18 மில்லிவினாடி. வினாடிக்கு 55, 60 தேடல்களுக்கு மேல் முடியாது. எழும்போது 3,000 இடங்களில் சிதறிய துண்டுகளைப் படிக்க நேர்ந்தால் அதற்கே 50 வினாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமில்லை. ஒரு தேடல் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிவினாடி. அதே 3,000 தேடல் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். 2025-இல் கல்லூரி மாணவர்களுக்கான புதிய மடிக்கணினிகளுக்கு எல்காட் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டிருந்தது இதனால்தான் அர்த்தமுள்ளது. பழைய மடிக்கணினியிலும் அதே இரண்டரை அங்குல சாட்டா இடத்தில் எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். 2 ஜிபி ரேம் மட்டுமே இருந்தால், க்னோம் போன்ற கனமான மேசைச்சூழலை விட்டு எக்ஸ்எஃப்சிஇக்கோ எல்எக்ஸ்க்யூடிக்கோ மாறுவதும் அவசியம்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு மின்னாமல் தொடர்ந்து எரிந்துகொண்டே நின்று, டிமெசேஜில் ஏடிஏ பிழை வரிகள் திரும்பத் திரும்ப வந்தால், வட்டு சாகத் தொடங்கிவிட்டது. படிக்க முடியாத இடத்தை அது மீண்டும் மீண்டும் முயன்று பார்ப்பதே அந்தத் தாமதம். அப்போது வேகத்தை மறந்துவிட்டுப் படங்களையும் சான்றிதழ்களையும் முதலில் நகலெடுக்க வேண்டும். ஃபார்மட் அடிக்கும் நேரமல்ல அது.

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளில் வாழ்ந்தது இதே வட்டாரத்தில், டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். பொருள்களை வீணாக்காமல் பயன்படுத்துவது பற்றி அவர் எழுதிய காலத்தில் மடிக்கணினி கிடையாது. ஆனால், இல்லாத வலைக்குக் காத்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதை அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று தோன்றவில்லை.

லினக்ஸ் பற்றித் தமிழிலேயே படிக்க விரும்புகிறவர்களுக்கு 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். யாரிடம் கேட்பதானாலும், லேப்டாப் ஸ்லோவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். சிஸ்டம்டி-அனலைஸ் தரும் ஒரு வரியையும் கிரிட்டிகல்-செயின் தரும் பத்து வரிகளையும் செல்போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். ஃபார்மட் அடிக்கச் சொல்லும் கடைக்காரரிடமும் அதே படத்தைக் காட்டி, எந்த வரியைச் சரிசெய்வதற்காக அடிக்கிறார் என்று கேட்டுவிட்டு மடிக்கணினியைக் கொடுங்கள்.